பெரிய இதய நோய்க்குப் பிறகு மறுவாழ்வு வார்டில் தங்கித் தேறுவது: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பைபாஸ், வால்வு மாற்று, பெரிய மாரடைப்பு, இதயச் செயலிழப்பு (இதயத்தால் போதிய ரத்தத்தை பம்ப் செய்ய முடியாத நிலை) என்று ஏதோ ஒன்றில் மாட்டி, ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் கிடந்து பிழைத்து வந்தவர்களை எழுந்து நடக்க வைப்பது என் வேலை. மறுவாழ்வு வார்டில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். கட்டில் ஓரத்தில் நின்று குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவசரத்தில் சொல்லும் பதில் மனதில் நிற்பதில்லை என்பதால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். மருந்து, அளவு, தேதி எல்லாவற்றிலும் உங்கள் இதய மருத்துவர் சொல்வதே முடிவு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். அப்புறம் ஏன் அப்பாவால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை?

இதயத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அத்தனை நாள் படுத்திருந்ததில் தொடையும் முதுகும் இளைத்துப்போயிருக்கின்றன. 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்கள் உடல் தாங்கக்கூடிய உழைப்பு கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரைத் திரும்பச் சோதித்தார்கள். 30 வயது கூடியதைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் உடலுக்கு அதிகக் கேடு செய்திருந்தது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது.

அவர்களுக்கு நோயே இல்லை. உங்கள் அப்பாவுக்கு வயதும் இருக்கிறது, நோயும் இருந்தது, ஒருவேளை வெண்டிலேட்டரும் கிருமித் தொற்றும் சேர்ந்திருக்கும். எழ முடியாததில் ஆச்சரியம் இல்லை. "மனசு வெச்சா எழுந்திருக்கலாம்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். மனசு வைத்தும் முடியாமல்தான் அவர் தவிக்கிறார்.

இதய நோயாளி அசையக்கூடாது என்றுதானே பெரியவர்கள் சொல்வார்கள்?

ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். மாரடைப்பு வந்தால் ஆறு வாரம்வரை படுக்கை. சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லௌன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளை ஆரம்பத்திலேயே கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து, அதனால் கெடுதல் இல்லை என்று 1952-ல் எழுதினார்கள். நாற்காலியில் உட்கார வைத்ததற்கே அன்றைக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. இன்றைக்கு பைபாஸ் ஆனவரைப் பெரும்பாலும் மறுநாளே கட்டிலைவிட்டு இறக்கி உட்கார வைக்கிறோம்.

எல்லோருக்கும் வார்டில் தங்கித்தான் செய்ய வேண்டுமா? வீட்டுக்கு பிசியோ வந்தால் போதாதா?

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும், சிக்கல் இல்லாமல் பைபாஸ் முடிந்தவர்களுக்கும் பெரும்பாலும் போதும். வீட்டிலிருந்தபடி வாரம் சில நாள் வெளிநோயாளியாக வந்து பயிற்சி எடுத்தாலே தேறிவிடுவார்கள். அவர்களைத் தங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

தங்க வேண்டியவர்கள் வேறு மாதிரி. ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் இருந்தவர்கள், மாரடைப்போடு பக்கவாதமும் சேர்ந்தவர்கள், சர்க்கரையால் பாத உணர்ச்சி குறைந்து தடுமாறுபவர்கள், இன்னும் ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள், மாற்று இதயம் பெற்றவர்கள். நான் குடும்பத்தாரிடம் இரண்டே கேள்வி கேட்பேன். அவரால் ஒருவர் கைபிடிக்காமல் கட்டிலிலிருந்து எழுந்து பாத்ரூம் போய்வர முடிகிறதா? முடியாவிட்டால், வீட்டில் பகலும் இரவும் பிடித்துத் தூக்க ஆள் இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் வீட்டுக்குப் போவது ஆபத்து. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து திரும்பி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வார்டில் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன் எடை. அப்புறம் படுத்த நிலையில் ஒரு பிபி, எழுந்து நின்றபின் ஒரு பிபி. மாத்திரைகளால் நின்றவுடன் பிபி இறங்குகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு முதல் பாடமே கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுவதுதான்.

பல் தேய்ப்பது, குளிப்பது, சட்டை போடுவது எல்லாம் எங்களுக்குப் பயிற்சி நேரம். நாற்காலியில் உட்கார்ந்து மக்கில் மொண்டு தானே ஊற்றிக்கொள்ள வேண்டும். முதலில் அரைமணி நேரம் ஆகும், முடிந்ததும் அசந்துபோய்ப் படுப்பார்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், ரத்தக்குழாய் விரிந்து தலை சுற்றும்.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும், மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைக் கையில் வாங்கியதும் பாதிப்பேர் ஊதுவார்கள். ஊதக்கூடாது. குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும், பந்து மேலே ஏறியதும் இரண்டு மூன்று விநாடி நிறுத்த வேண்டும். ஆபரேஷன் வலியால் மேலோட்டமாக மூச்சு விடும்போது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடுகிறது. அதை விரியவைக்கத்தான் இந்தக் கருவி. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டால் வலி தாங்கும்.

காலையும் மாலையும் நடைப் பயிற்சி, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்பது, படி ஏறி இறங்குவது. ஐந்து முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் அவர் வீட்டில் விழ வாய்ப்பு அதிகம் என்று கணக்கு. அந்த எண் இறங்கிக்கொண்டே வருவதைச் சீட்டில் எழுதிக் கட்டிலில் ஒட்டிவைப்போம். நடையை அளக்க 30 மீட்டர் வராந்தா இருந்தால் போதும், ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று பார்ப்போம்.

நடந்தால் மூச்சு வாங்குகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் வேண்டும். நடந்தபடி பேச முடிகிறதா, பாட முடியாத அளவுக்கு இருக்கிறதா? அதுதான் சரியான வேகம். நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எவ்வளவு நடந்தாலும் துடிப்பு பெரிதாக ஏறாது. அதனால் சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். 6-ல் தொடங்கி 20 வரை. 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இனி ஒரு அடி முடியாது. எங்கள் நோயாளிகளை 11-க்கும் 13-க்கும் நடுவில் வைத்திருப்போம்.

நெஞ்சில் வலி, அழுத்தம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது, துடிப்பு தாறுமாறாக ஓடுவது, உட்கார்ந்து சில நிமிடமாகியும் அடங்காத மூச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். காய்ச்சல் அன்றைக்கும், காலில் வீக்கம் திடீரென்று கூடிய அன்றைக்கும் பயிற்சி கிடையாது.

நெஞ்செலும்பைப் பிளந்து தைத்திருக்கிறார்கள். எவ்வளவு தூக்கலாம்?

எலும்பு ஓரளவு கூட 6 முதல் 8 வாரம், முழு பலம் வர சுமார் மூன்று மாதம். அதுவரை ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு வரம்பு சொல்லும், பெரும்பாலும் 2 முதல் 4 கிலோவுக்குள் இருக்கும். கிலோ கணக்கு வீட்டில் யாருக்கும் கைவராது என்பதால் பொருளாகவே சொல்கிறேன். கால் பங்கு தண்ணீர் உள்ள சிறிய வாளி சரி. நிறைகுடம் 10 கிலோவைத் தாண்டும், கூடாது. குழம்பு நிறைந்த பெரிய குக்கரை இறக்கக்கூடாது. கிரைண்டர் கல்லைத் தொடவே வேண்டாம். கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு, நகர்த்தவும் கூடாது. பேரக்குழந்தையைத் தூக்காமல் மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

எடையைவிட முக்கியம் கை எங்கே இருக்கிறது என்பது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் நெஞ்செலும்பில் இழுவை குறைவு. கை விரிந்து நீண்டு இழுத்தால் இரண்டு கிலோவும் அதிகம்தான். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும் பயணம் அதனால்தான் வேண்டாம் என்கிறோம். கட்டிலில் எழும்போது ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே விட்டு, உடம்பை ஒன்றாக எழுப்ப வேண்டும். வீட்டு ஆட்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், கையைப் பிடித்து இழுப்பதும் தையலைப் பதம் பார்த்துவிடும்.

பெண்களிடம் யாரும் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. மார்பின் பாரம் தையலை இருபக்கமும் இழுக்கும். முன்பக்கம் கொக்கி உள்ள, கம்பி இல்லாத, மென்மையான உள்ளாடை வலியைக் குறைக்கவும், புண் பிரியாமல் இருக்கவும் உதவும். கூச்சப்படாமல் நர்சிடம் கேளுங்கள்.

தரையில் உட்காருவது, இந்தியன் டாய்லெட்?

முதல் சில வாரம் இரண்டும் வேண்டாம். குந்தி எழும்போது கையை ஊன்றித் தள்ள வேண்டியிருக்கும், பிபியும் சட்டென்று இறங்கும். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில், நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலியை இந்தியன் டாய்லெட் மேலேயே போட்டுக்கொள்ளலாம். மூச்சைப் பிடித்து முக்குவது இதயத்துக்குப் பெரிய சுமை. மலச்சிக்கல் இருந்தால் மறைக்காமல் மருந்து கேளுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவதை மூன்று மாதம் கழித்து, பக்கத்தில் கனமான நாற்காலி வைத்து, முட்டிபோட்டு எழும் முறையில் சொல்லித் தருவோம்.

நாங்கள் இரவு பகலாகக் கூடவே இருந்து எல்லாம் செய்கிறோம். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

கொஞ்சம் குறைவாகச் செய்யுங்கள். மனம் நோகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் அன்பு என்றால் ஊட்டிவிடுவது, துடைத்துவிடுவது, "நீங்க அசையாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்பது. ஐ.சி.யூ.விலிருந்து வந்த முதல் இரண்டு நாள் அது சரி. அதற்குப் பிறகு நீங்கள் ஊட்டும் ஒவ்வொரு கவளமும் அவர் கைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பயிற்சியைப் பறிக்கிறது. சட்டைப் பொத்தானை அவர் ஐந்து நிமிடம் தடவிப் போடட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அது ஊட்டிவிடுவதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இலக்கை அவர் சொல்ல வேண்டும். வால்வு மாற்றி, காலெல்லாம் வீங்கி வந்த ஒரு பாட்டியிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "வாசல்ல மருமக ஸ்டிக்கர் ஒட்டிட்டா. நான் கையால கோலம் போடணும்" என்றார். மகன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கோலத்துக்குக் குனிய வேண்டும், உடம்பில் நீர் கோத்திருக்கும்போது குனிந்தால் அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டும். முதலில் மருந்தால் நீர் வடிந்தது. அப்புறம் உயரமான முக்காலியில் உட்கார்ந்து முன்னால் சாயப் பழக்கினோம், அடுத்து உயரம் குறைந்த முக்காலி. வார்டு வராந்தாவில் சாக்பீஸால் மூன்று புள்ளிக் கோலம் போட்டார். நடை, உட்காருவது, எழுவது, குனிவது, கைநடுக்கம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இலக்குக்குள் பயிற்சி இருந்தது. "தினம் இருபது நிமிஷம் நட" என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் அந்த அளவுக்கு உழைத்திருக்க மாட்டார்.

பம்பிங் 30 சதவீதம்தான் என்கிறார்கள். இனி என்ன பயன்?

முதலில், பம்பிங் என்பது இதயத்தின் கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு, அது யாருக்கும் 100 சதவீதம் இருக்காது. நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான். அடுத்து, அந்த எண்ணுக்கும் ஒருவர் எவ்வளவு நடக்க முடியும் என்பதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. 30 வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வருபவர்களும் உண்டு, 55 வைத்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்காதவர்களும் உண்டு. பலம் வந்த தசை அதே ரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்.

2021-ல் வெளியான ரீஹாப்-எச்.எஃப் என்ற அமெரிக்க ஆய்வில், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்கள் 349 பேர் இருந்தார்கள். ஒரு பாதிக்கு ஆஸ்பத்திரியிலேயே தொடங்கி பலம், சமநிலை, நடமாட்டம், தாக்குப்பிடிப்பு என்று நான்கிலும் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களின் நடமாட்டம் மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டது. மீண்டும் ஆஸ்பத்திரியில் சேருவது மட்டும் குறிப்பிடும்படி குறையவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி மருந்துக்கு மாற்று ஆகாது.

மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கும் இதே பயிற்சியா?

பெரும்பாலும் இதேதான், ஒரு வித்தியாசத்தோடு. புதிய இதயத்தின் நரம்புகள் அறுபட்டிருப்பதால் சும்மா இருக்கும்போதே துடிப்பு 90 முதல் 110 வரை இருக்கும். நடக்கத் தொடங்கினால் மெதுவாக ஏறும், நிறுத்தினால் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் நிதான நடை அதிக நேரம் வேண்டும். முகக்கவசமும் கை சுத்தமும் கட்டாயம்.

சாப்பாட்டில் பத்தியம் உண்டா?

உப்பு குறைய வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் ஒதுக்க வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று திரவ அளவு சொன்னால் அதில் காபி, மோர், ரசம், கஞ்சி, இளநீர் எல்லாம் சேர்த்தி. தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு ரசத்தைத் தாராளமாக ஊற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஆனால் பத்தியம் என்று வெறும் இட்லியும் கஞ்சியும் கொடுத்துப் பட்டினி போடாதீர்கள். கரைந்த தசை திரும்பி வரப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை உணவியல் நிபுணரிடம் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. வாராவாரம் ஒரே அளவில் சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடாமல் இருந்தால் சரி.

எதற்கெடுத்தாலும் அழுகிறார். முன்பு இப்படி இல்லையே?

மாரடைப்புக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு மனச்சோர்வு வருகிறது. ஐ.சி.யூ.வில் குழம்பிப்போய் இல்லாததைப் பார்த்தவர்கள் அந்தப் பயத்தை வெளியே சொல்லவும் வெட்கப்படுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பிட மறுத்தால், பயிற்சிக்கு வர மறுத்தால் மனநல மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும்.

செலவு? இன்சூரன்ஸ் கொடுக்குமா?

இதில்தான் குடும்பங்கள் அடிபடுகின்றன. உங்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலில் எக்ஸ்க்ளூஷன் 05 என்று தேடிப் பாருங்கள். ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, தற்காலிகப் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது என்று இருக்கும். ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் நிறுவனம், எழுந்து நடக்க வைப்பதற்குக் கொடுப்பதில்லை. அநியாயம் என்றே நினைக்கிறேன். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று பல பாலிசிகளில் 60 நாளோ 90 நாளோ தருவார்கள். பிசியோதெரபி அதில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் எது சேரும் என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். ஊருக்குத் திரும்பியபின், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி சேவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது. அதன்பின் அறுவை வளர்ந்த வேகத்தில் மறுவாழ்வு வளரவில்லை. ஜெர்மனியில் பைபாஸ் ஆனவர் மூன்று வாரம் மறுவாழ்வு மருத்துவமனையில் தங்குவது வழக்கம், காப்பீடே ஏற்றுக்கொள்கிறது. இங்கே இதய நோயாளிகளுக்கென்று தனி வார்டு அரிது. பக்கவாதம், முதுகுத்தண்டு நோயாளிகளோடு பொது மறுவாழ்வு வார்டில்தான் பெரும்பாலும் இடம் கிடைக்கும். சேரும் முன் மூன்றைக் கேளுங்கள். இதய மருத்துவர் வந்து பார்ப்பாரா? பயிற்சியின்போது ஈ.சி.ஜி. மானிட்டர் உண்டா? ராத்திரியில் டூட்டி டாக்டர் இருப்பாரா?

வண்டி ஓட்டுவது, தாம்பத்தியம்?

பைபாஸ் ஆனவர்கள் கார் ஓட்டப் பொதுவாக 4 முதல் 6 வாரம், டாக்டர் அனுமதியோடு. பைக், ஸ்கூட்டருக்கு மூன்று மாதம் பொறுங்கள், வண்டியைத் தள்ளுவதும் செண்டர் ஸ்டாண்ட் போடுவதும் நெஞ்சுக்கு ஆகாது. இரண்டு மாடி நிற்காமல் ஏறி மூச்சு வாங்காமல் இருந்தால் தாம்பத்தியத்துக்குத் தடை பெரும்பாலும் இல்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை, உதாரணமாக சார்பிட்ரேட், எடுப்பவர்கள் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது, பிபி அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

அம்மா ஊரில் தனியாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடிக்கிறார். விடலாமா?

அடம் என்று சொல்லாதீர்கள், இத்தனை பாடும் அதற்காகத்தான். விடலாம், ஆனால் வார்டில் இருக்கும்போதே ஒத்திகை பார்த்துவிட்டு. இரண்டு நாள் அட்டெண்டர் இல்லாமல் அவரே எழுந்து, குளித்து, தன் மாத்திரையைத் தானே பிரித்துச் சாப்பிடட்டும். எடையைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். உடம்பில் நீர் கோத்து ஒரே நாளில் 1 கிலோவோ, மூன்று நாளில் 2 கிலோவோ ஏறினால் யாருக்குப் போன் செய்வது என்று அவர் வாயால் சொல்லட்டும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலும் அதே போன். நெஞ்சுவலி வந்தால் உட்கார்ந்து, டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. உங்களுக்குப் போன் செய்வது அதற்குப் பிறகு.

வீட்டில் பாத்ரூம் சுவரில் பிடிமானக் கம்பி, இரவு விளக்கு, வழுக்காத மிதியடி, சமையல் பாத்திரங்கள் இடுப்பு உயரத்தில். தண்ணீர் தூக்காமல் இருக்க சமையலறைவரை குழாய். படுக்கை கட்டிலில், பாயில் வேண்டாம். எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி. முதல் வாரம் நீங்கள் போய்க் கூடத் தங்குங்கள், ஆனால் அடுப்படியை அவரிடமே விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்தில் எங்களிடம் மறுபரிசோதனைக்கு வரும்போது அந்த எடை நோட்டை அவரே எடுத்து வர வேண்டும்.